சரளா அழித்த பதிவேடு

சரளாவுக்கு அலுவலகத்தில் கண்டிப்பானவள் என்று பெயர். ஈப்போ நகரத்தில் கிரீன்டவுன் பகுதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் சின்ன நிறுவனம் அது. மற்ற நிறுவனங்களின் கணினிச் சேவைகளைக் கிளவுடில் நடத்திக்கொடுப்பது தொழில். அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு, ஒரு சர்வர் தேவைப்பட்டால் யாராவது ஒருவர் திரையைத் திறந்து நாலு பட்டனை அழுத்தி உண்டாக்கிவிடுவார். அது யாருக்காக, எதற்காக, எப்போது எடுக்கவேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த விவரமும் கூடவே போய்விடும்.

சரளா வந்து அதை மாற்றினாள். எந்தெந்த சர்வர் இருக்கவேண்டும், எந்த வழி யாருக்குத் திறந்திருக்கவேண்டும் என்பதையெல்லாம் முதலில் கோப்பில் எழுதவேண்டும். இன்னொருவர் அதைப் படித்துச் சரி சொல்லவேண்டும். அதற்குப் பிறகு டெராஃபார்ம் என்ற கருவி அந்தக் கோப்பைப் பார்த்து, எழுதியிருப்பதை எழுதியபடியே கிளவுடில் கட்டிவைக்கும். கட்டுவதற்கு முன் ஒரு பட்டியல் காட்டும். புதிதாக வரப்போவதற்குக் கூட்டல் குறி, அழியப்போவதற்குக் கழித்தல் குறி. அந்தப் பட்டியலை வரிவரியாகப் படிக்காமல் யாரும் 'யெஸ்' தட்டக்கூடாது. இது சரளா கொண்டுவந்த சட்டம். கையால் பட்டனை அழுத்தி எதையாவது உண்டாக்கினவர்கள் அவளிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அவள் பிறந்தபோதே பாதித் தோட்டத்தில் பால்மரத்தைத் தள்ளிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை போட்டிருந்தார்கள். அப்பா செம்பனைக் குலை வெட்டினார், அம்மா ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அரசாங்கக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து, கோலாலம்பூரில் பத்து வருடம் வேலை பார்த்து, கனகராஜைக் கட்டிக்கொண்டு லகாட்டில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடியேறினாள். கனகராஜ் இடைநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆய்வுக்கூட உதவியாளர். ஊரில் அண்ணன் மட்டும் இருந்தான். தீபாவளிக்கும் பிள்ளைகள் பிறந்தநாளுக்கும் சுங்காய் போய்வருவாள்.

அப்படி ஒருமுறை போயிருந்தபோதுதான் மாயாண்டி வந்தார். 2021-ஆம் ஆண்டின் கடைசி. மாயாண்டி அவள் அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவர். சுங்காயில் பள்ளி வேன் ஓட்டுகிறார். காலையும் மதியமும் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது போக, மீதி நேரமெல்லாம் அவருக்கு ஒரே வேலை. அடையாள அட்டை இல்லாதவர்களைத் தேடிப்பிடித்து, அவர்களுக்காகப் பதிவிலாகாவுக்கு நடப்பது. தோட்டத்தில் பிறந்து, தாய் தகப்பன் பிறப்பைப் பதியாமல் விட்டதால் அறுபது வயதிலும் இந்த நாட்டில் பிறந்தேன் என்று காட்ட ஒரு காகிதம் இல்லாமல் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

அன்று அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். தோட்ட ஆபீசைக் காலி செய்துகொண்டிருந்த கடைசிக் குமாஸ்தா, கிராணி என்பார்கள், மனது வைத்து, ஒரு பழைய பதிவேட்டை இரண்டு நாளுக்கு இரவல் கொடுத்திருந்தாராம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரெஸ்ஸர் தன் கையால் எழுதிவைத்த பிரசவப் பதிவேடு. 1958-இலிருந்து 1971 வரைக்கும், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். எந்தத் தேதியில், எந்த லயத்து வரிசை வீட்டில், யார் வயிற்றில், ஆணா பெண்ணா, என்ன பெயர், எல்லாம் அதில் இருந்தது. மாயாண்டி ஒரு பக்கம் விடாமல் ஃபோனில் படம் பிடித்துவிட்டுப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது ஃபோனில் இடமில்லை, வேனில் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மாமார் அனுப்பும் செய்திகூட இறங்க மாட்டேன் என்கிறது.

சரளா அப்போதே தன் லேப்டாப்பை எடுத்து எல்லாப் படத்தையும் அதில் இறக்கினாள்.

"நான் பத்திரமா வச்சிக்கிறேண்ணே. ஃபோன்ல வச்சிருந்தா ஒரு நாளைக்கி ஒடைஞ்சி போயிடும்" என்றாள்.

"அப்ப இதுல அழிச்சிறலாமா?"

"அழிங்கண்ணே."

அவள் கண்ணெதிரே மாயாண்டி ஃபோனிலிருந்து அத்தனையையும் அழித்தார். ஈப்போவுக்குத் திரும்பியதும் சரளா தன் சொந்தக் கணக்கில் ஏற்றிப் பார்த்தாள். பிள்ளை வீடியோக்களால் அது ஏற்கெனவே நிறைந்திருந்தது. அலுவலகத்தில் பரீட்சார்த்த வேலைகளுக்கென்று ஒரு கிளவுட் கணக்கு இருந்தது. அதில் பட்டனை அழுத்தி, கையாலேயே ஒரு சேமிப்புப் பெட்டியை உண்டாக்கி, 'எஸ்ஜிகே' என்று சுங்காயைச் சுருக்கிப் பெயர் வைத்து, இருநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் அதில் போட்டாள். அழித்தாலும் பழைய பிரதிகளை வைத்துக்கொள்ளும் வசதியை முடுக்கவில்லை. இன்னாருடையது என்ற அடையாளச் சீட்டும் ஒட்டவில்லை. அடுத்த வாரம் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. சில மாதம் கழித்து அலுவலகத்தில் லேப்டாப்பை மாற்றினார்கள். பழையதைத் துடைத்துக் கொடுத்துவிட்டாள்.

2023 மார்ச்சில் அந்தப் பரீட்சார்த்தக் கணக்கைச் சுத்தம் செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வருடக்கணக்காக ஆளாளுக்கு உண்டாக்கிப் போட்டதெல்லாம் அங்கே குப்பையாகக் கிடந்தது. சரளாவும் கூட வேலை பார்க்கும் சுரேனும் சேர்ந்து செய்தார்கள். சுரேன் அவளைவிட நாலு வயது இளையவன், வேலையில் பொறுமைசாலி. வேண்டியதையெல்லாம் கோப்புக்குள் கொண்டுவந்து அடையாளச் சீட்டு ஒட்டினார்கள். சீட்டு இல்லாத எல்லாவற்றையும் அழிக்க சரளா ஒரு சிறிய நிரல் எழுதினாள். ஓட்டிப் பார்த்தபோது அழியவேண்டியவை என்று இருநூற்றுச் சொச்சம் வரிகள் வந்தன. சுரேன் சட்டப்படி ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஓரிடத்தில் நின்று அவளுக்குச் செய்தி அனுப்பினான்: எஸ்ஜிகே என்று ஒன்று இருக்கிறது, உள்ளே படங்கள் இருக்கும்போலத் தெரிகிறது, யாருடையது அக்கா என்று.

சரளா அப்போது வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்ஃபோன். செய்தியைப் பார்த்தாள், ஆனால் அது மனதில் இறங்கவில்லை. 'பழைய டெஸ்ட் லா. தூக்கிப் போட்டுடு' என்று தட்டினாள்.

அன்று மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போனார்கள். கணக்கு சுத்தமாகிவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம்.

பத்து மாதம் கழித்து, 2024 ஜனவரியில், மாயாண்டி கூப்பிட்டார். செல்லாயிக்குப் பதிவிலாகாவில் நேர்காணல் தேதி கிடைத்துவிட்டது, இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது, அவர் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் பெரிதாக அச்சடித்துத் தரமுடியுமா என்று கேட்டார்.

செல்லாயியைச் சரளாவுக்குத் தெரியும். நாலாவது லயத்துக்காரர். ஐம்பத்தேழு வயது. சுங்காயில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவுகிறார். அம்மா அவரைப் பெற்ற சில மாதங்களில் இறந்துவிட, அப்பா குடித்துக்கொண்டு திரிந்ததில் யாரும் அவர் பிறப்பைப் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. வங்கியில் கணக்கு இல்லை. கையில் இருக்கும் ஃபோன்கூட மாயாண்டி மனைவி பெயரில் வாங்கியது. முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் இருந்தும், ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக்காரர் வரிசையில் நிற்கச் சொல்வார்கள் என்று போகாமல் இருந்தார். அந்தப் பதிவேட்டில் 1966-ஆம் வருடத்துப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. படம் எடுத்த அன்றே மாயாண்டி அதை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

"சாயங்காலம் அனுப்புறேண்ணே" என்று சொல்லிவிட்டு சரளா தேடினாள். முதலில் வேறு ஏதோ கணக்கில் பார்க்கிறோம் என்று நினைத்தாள். பிறகு கிளவுடின் வேறு வட்டாரத்தில் இருக்குமோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். கடைசியில் கணக்கின் நடவடிக்கைப் பதிவுகளைத் திறந்து, அந்தப் பெயரைத் தட்டினாள். ஒரே ஒரு வரி வந்தது. அழிக்கப்பட்ட தேதி, நேரம், அழித்தவர் யார். அழித்தது அவள் எழுதிய நிரல்.

அதற்குப் பிறகுதான் சுரேன் அனுப்பிய செய்தி ஞாபகத்துக்கு வந்தது. அலுவலகத்து உரையாடல் பெட்டியில் தேடி எடுத்தாள். அவன் கேள்வி இருந்தது. அதற்குக் கீழே அவள் பதில், ஒரு நிமிடம்கூட இடைவெளி இல்லாமல். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

கிளவுட் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். மரியாதையாக, திருப்பி எடுக்க வழியில்லை என்று பதில் வந்தது. அது அவளுக்கு முன்னமே தெரியும். புதிதாகச் சேர்பவர்களுக்கு அதையே எத்தனையோ முறை அவள் சொல்லியிருக்கிறாள்.

மாயாண்டிக்கு என்ன சொல்வது? அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டபோது, சர்வரில் ஒரு கோளாறு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாள். வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். மாயாண்டிக்கு அவள்மேல் சந்தேகமே வரவில்லை. படித்த பிள்ளை, கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று செல்லாயிக்கும் சொல்லி வைத்தார்.

வீட்டில் கனகராஜிடம் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. அவள் படும் பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டு, கிளவுட்காரன் பக்கம் தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிடேன், அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்றான். அவளும் அதையே நினைத்திருந்தாள். வேறொருவர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல நா எழவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

தேதி வந்தது. செல்லாயி வெறுங்கையோடு போனார். மாயாண்டி வேனைச் சொந்தக்காரப் பையனிடம் விட்டுவிட்டுக் கூடவே போனார். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகவே பேசினாராம். இங்கே பிறந்ததற்கு ஏதாவது ஒன்று காட்டவேண்டும், ஆவணமோ சத்தியப் பிரமாணமோ, எதுவுமே இல்லாமல் கோப்பைத் திறக்க முடியாது என்றாராம். அடுத்த தேதி ஆகஸ்டில்தான் கிடைத்தது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் சாட்சி சொல்ல யாரையாவது தேடியிருப்பேனே என்று மாயாண்டி ஃபோனில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்தப் பதினோரு நாளை சரளாவால் இன்றுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அழித்ததையாவது தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

அந்தச் சனிக்கிழமை அவள் தனியாகக் காடியை ஓட்டிக்கொண்டு சுங்காய் போனாள். சாப்பாட்டுக்கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. மாயாண்டி ஒரு மேசையில் பால் கலக்காத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். செல்லாயி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பின்கட்டிலிருந்து வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பசியாறினியா என்று கேட்டார்.

சரளா எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே போட்டாள், ஏன் அங்கே போட்டாள், சுரேன் கேட்டது, தான் பார்க்காமலே பதில் சொன்னது, பதினோரு நாள் பொய் சொன்னது. அழக்கூடாது என்று நினைத்து வந்திருந்தாள். அழுதால் அவர்கள் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

அசல் பதிவேடு இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆபீசை இடித்தபோது சாமான்களை லாரியில் ஏற்றிப்போனார்கள். இரவல் கொடுத்த கிராணி கோவிட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

செல்லாயிதான் முதலில் பேசினார்.

"அப்ப மத்தவங்க பேப்பரு?"

சரளாவுக்குப் புரியவில்லை.

"அந்தப் புஸ்தகத்துல நான் ஒருத்திதானாம்மா? ரெண்டாவது லயத்து ஆளுங்க, மேட்டு லயத்து ஆளுங்க, எல்லாரும்தானே இருந்தாங்க. அதும் போச்சா?"

"போச்சுக்கா."

செல்லாயி தலையை ஆட்டினார். பிறகு உள்ளே பாத்திரம் கிடக்கிறது என்று எழுந்து போய்விட்டார். திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. திரும்பிவரும் வழியில் பீடோர் தாண்டியதும் சரளா காடியை ஓரமாக நிறுத்தினாள். எத்தனை பேர் என்று அதுவரை அவள் யோசித்ததே இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு படம் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு ஆறு மாதம் அவளும் மாயாண்டியும் தேடினார்கள். தோட்ட நிர்வாகத்தின் பெரிய ஆபீசுக்கு எழுதினார்கள், நேரிலும் போனார்கள். அங்கிருந்தவர்கள் பழைய காகிதங்களை வைத்திருக்கும் கிடங்கைத் திறந்து காட்டினார்கள். சம்பள ஏடுகள் இருந்தன, இது இல்லை. அங்கே இங்கே விசாரித்ததில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த மங்களம் இன்னும் உயிரோடு புந்தோங்கில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று தெரியவந்தது. சரளாவின் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடத் தூரம்.

மங்களத்துக்கு எண்பத்து நாலு வயது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி தெளிவாக இருந்தார். டிரெஸ்ஸரை நன்றாக ஞாபகம் இருந்தது. பதிவேடு ஞாபகம் இருந்தது, பச்சை அட்டை என்றார். செல்லாயியின் அம்மாவைத் தெரியும், அவர் இறந்ததும் தெரியும். ஆனால் செல்லாயி பிறந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்ய மாட்டேன் என்றுவிட்டார்.

"எத்தன புள்ளைங்கம்மா. எல்லாத்தையும் கையில ஏந்தினேன். எது எதுன்னு கேட்டா நான் எப்படிச் சொல்வேன். தெரிஞ்சத எழுது, கைநாட்டு வைக்கிறேன். தெரியாதத எழுதாத."

தெரிந்ததை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஆகஸ்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தாப்பாவில் சத்தியப் பிரமாணங்களுக்கு முத்திரை வைக்கும் ஆணையர் ஒருவரின் அலுவலகத்துக்கு முன்னால் மாயாண்டியின் வேனில் அவரும் சரளாவும் உட்கார்ந்திருந்தார்கள். மாயாண்டி தன்னுடையதை எழுதிவிட்டார். பதிவேட்டைப் பார்த்தேன், படம் எடுத்தேன், செல்லாயி பெயரைப் படித்தேன் என்று. ஆனால் அவர் இதுவரை பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார், அவர் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்வார்களா என்று அவருக்கே பயம். சரளா எழுதினால் கனம் இருக்கும். படங்களை வைத்திருந்தவள், படித்தவள், நல்ல வேலையில் இருப்பவள்.

அவள் மலாயில் எழுதிவந்த தாளை அவரிடம் கொடுத்தாள். படங்கள் தன்னிடம் இருந்தன, தன் கவனக்குறைவால் அழிந்தன என்று அதில் இருந்தது. மாயாண்டி இரண்டு தடவை படித்தார்.

"செல்லாயி பேரப் பாத்தேன்னு ஒரு வரி சேத்துக்க. ஒரே ஒரு வரி."

"நான் பாக்கலண்ணே. ஏத்தும்போது ஒரு படத்தக்கூடத் தொறக்கல."

"நான் பாத்தேன்லா. பொய் இல்லையே அது. இருந்தத இருந்துச்சின்னு சொல்லப்போற."

"நான் பாத்தேன்னு சொன்னா பொய்தானேண்ணே. சத்தியம் பண்ணிச் சொல்றது."

மாயாண்டி தாளை மடித்து அவள் மடியில் வைத்தார். அவருக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை. அப்போதும் குரல் உயரவில்லை.

"அன்னைக்கிப் பாக்காமலே அழிக்கச் சொன்ன. இன்னைக்கிப் பாக்கலேங்கிறதால எழுத மாட்டேங்கிற."

வேனுக்குள் வெக்கையாக இருந்தது. எழுதிவிடலாம் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள். ஒரு வரிதான். யாருக்கும் நட்டமில்லை, செல்லாயிக்கு லாபம். தான் செய்த பாவத்துக்கு அதையாவது செய்யக்கூடாதா என்று மனது கேட்டது. அதே மனதில், எண்பத்து நாலு வயதில், தெரியாததற்குக் கைநாட்டு வைக்க மாட்டேன் என்ற அந்த அம்மாவின் முகமும் இருந்தது. எது சரி என்று தெரியாமலே இறங்கிப்போய், எழுதியது எழுதியபடியே கையெழுத்து வைத்தாள். சரியானதைச் செய்தோம் என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். அது வரவில்லை.

மாயாண்டி அதன் பிறகு நாலு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் செல்லாயியின் கோப்பை ஏற்றுக்கொண்டார்கள். மூன்று சத்தியப் பிரமாணங்கள், கிடங்கில் கிடைத்த சம்பள ஏட்டில் அவர் அம்மா பெயர் இருந்த பக்கம். போதுமா என்று யாரும் சொல்லவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. இப்போதும் பரிசீலனையில்தான் இருக்கிறது. சரளா முட்டிக்கு வைத்தியம் பார்க்கத் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன் என்றபோது செல்லாயி வேண்டாம் என்றார். "கார்டு வரட்டும், அப்புறம் வரிசையில நின்னுக்கிறேன்" என்றார். அதைக் கோபத்தில் சொன்னாரா சாதாரணமாகச் சொன்னாரா என்று சரளாவுக்கு விளங்கவில்லை.

அலுவலகத்திலும் அவள் மறைக்கவில்லை. ஏதாவது தவறு நடந்தால் எப்படி நடந்தது என்று எழுதி எல்லாருக்கும் அனுப்புவது அங்கே வழக்கம். அதையும் ஏற்படுத்தியவள் அவள்தான். தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். சொந்தக் கோப்புகளைக் கம்பெனிக் கணக்கில் வைத்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அழிக்கும் நிரலை அவளே மாற்றி எழுதினாள். இப்போது அது எதையும் உடனே அழிக்காது. முதலில் மூடிவைக்கும், தொண்ணூறு நாள் காத்திருக்கும், பிறகுதான் எடுக்கும். சுரேன் அவளிடம் வந்து, நான் உள்ளே ஒரு படத்தைத் திறந்து பார்த்திருக்கவேண்டும் அக்கா, அன்றைக்கு அப்படித் தோன்றியது, நீங்கள் சொன்னதால் விட்டுவிட்டேன் என்றான். அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் கனத்தது. தன்னோடு அவனையும் இழுத்துவிட்டோம் என்று பட்டது.

மிச்சம் இருந்தது செல்லாயி கேட்ட கேள்வி. மத்தவங்க பேப்பரு? சரளா ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப்புத்தகத்தோடு போனாள். செல்லாயி பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் லயம் லயமாக, வாசல் வாசலாக, யார் யாருக்கு எத்தனை பிள்ளை என்று சொல்லிக்கொண்டே வந்தார். சரளா எழுதிக்கொண்டாள். அந்தப் பதிவேட்டில் இருந்திருக்கக்கூடியவர்கள் என்று நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். பாதிப் பேர் இறந்துபோய்விட்டார்கள். மீதிப் பேர் பேராக் மாநிலம் முழுக்க, அதற்கு வெளியேயும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு இப்படி ஒரு பதிவேடு இருந்ததே தெரியாது. தெரியாதவர்களிடம் போய் எதற்குச் சொல்லவேண்டும் என்று கனகராஜ் கேட்டான். அவளால் விளக்க முடியவில்லை. சொல்லவேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

மாதத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று போய்ப் பார்த்து, பதிவேடு இருந்ததையும் அதன் படங்களைத் தான் அழித்ததையும் சொல்கிறாள். யாருக்காவது இன்னும் காகிதம் இல்லையென்றால் பெயரை மாயாண்டிக்குக் கொடுக்கிறாள். பலர் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் ஐசி கார்டு இருக்கே, அந்தப் புஸ்தகத்த வச்சி நான் என்ன பண்ணப்போறேன் என்று சொல்லி டீ போட்டுக் கொடுக்கிறார்கள். ஒருவர் மட்டும் வாசலிலேயே வைத்துத் திட்டி அனுப்பினார்.

சென்ற மாதம் ஆயர் தாவாருக்குப் போயிருந்தாள். பத்துமலை என்பவர் வீடு. அறுபத்தைந்து வயது. செம்பனை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டு முன்னால் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். சரளா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். யார் மகள் என்று கேட்டார், அவள் அப்பாவை நினைவு வைத்திருந்தார். தனக்கு அடையாள அட்டையெல்லாம் அப்போதே எடுத்தாயிற்று, பிரச்சினை ஒன்றும் இல்லை என்றார். சரளா விடைபெறத் திரும்பினாள்.

அவர் தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு அடுத்து ஒரு தங்கச்சி பொறந்துச்சிம்மா. மூணு நாள்தான் இருந்துச்சி. டிரெஸ்ஸர் கேட்டாருன்னு எங்கம்மா ஒரு பேரு வச்சி எழுதச் சொன்னாங்களாம். அப்புறம் அத யாருகிட்டயும் சொல்லல. நானும் கேட்கல." நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கேட்டார். "அறுபத்து மூணாம் வருசம். அந்தப் பேரு அதுல இருந்துச்சா?"

"தெரியலண்ணே" என்றாள் சரளா. "நான் தொறந்து பாக்கல."

பத்துமலை தலையசைத்தார். கோழிகள் காலைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தன. அவர் மறுபடி கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். சரளா போய்விடவேண்டுமா நிற்கவேண்டுமா என்று தெரியாமல் அவர் தீனி போட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.